அண்டை நாடுகளின் பொது நிதிக் கொள்கை: இடதுசாரிகள் எதை ஆதரிக்க வேண்டும், எதை எதிர்க்க வேண்டும்?

கேள்வி இது: அண்டை நாடுகள் தங்கள் வரவு செலவுக் கொள்கையைப் பொதுவாக வைத்துக்கொண்டால், அது இடதுசாரி அரசியலுக்குக் கைகொடுக்குமா, கையைக் கட்டிப்போடுமா? ஐரோப்பாவில் இடதுசாரிகளே இதில் யூரோவைவிட்டு வெளியேறுவோம், உள்ளே இருந்து போராடுவோம் என்று இரண்டு அணியாக நிற்பது ஏன்?

இரண்டு அணியும் வெவ்வேறு ஏற்பாடுகளை மனதில் வைத்துப் பேசுவதுதான் பிளவுக்கு முதல் காரணம். பொது நிதிக் கொள்கைக்குள் மூன்று தனித்தனி ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, பொது விதி: எந்த நாடும் இவ்வளவுக்கு மேல் பற்றாக்குறை வைக்கக்கூடாது, கடன் இந்த அளவைத் தாண்டக்கூடாது. இரண்டு, பொதுக் கஜானா: எல்லா நாடுகளும் சேர்ந்து கடன் வாங்கி, அடிபட்ட நாட்டுக்குக் கொடுப்பது. மூன்று, பொது வரி: பெரும் நிறுவனங்களும் பெரும் செல்வமும் எல்லை தாண்டித் தப்பிக்க முடியாதபடி எல்லா நாடுகளும் ஒரே அடிப்படையில் வரி போடுவது. ஐரோப்பாவில் முதலாவது 1993இல் வந்தது. இரண்டாவது 2020இல் வந்தது, அதுவும் தற்காலிகமாக. மூன்றாவது இன்னும் தொடக்க நிலையிலேயே நிற்கிறது. விதி முந்திக்கொண்டு கஜானாவும் வரியும் பிந்தினால் இடதுசாரி அரசுக்குக் கட்டாயம் நஷ்டம். இந்த வரிசைதான் முழுச் சண்டையின் மையம் என்பது என் கருத்து.

பொதுக் கொள்கை வேண்டும் என்ற எண்ணம் இடதுசாரிகளுக்கு ஏன் வந்தது என்பதை பிரான்சின் அனுபவத்திலிருந்து பார்க்கலாம். 1981 மே மாதம் பிரான்சுவா மித்தரான் அதிபரானார். அவருடைய அரசு குறைந்தபட்ச ஊதியத்தை 10 சதவீதம் உயர்த்தியது, குடும்ப உதவித்தொகையை 25 சதவீதம் கூட்டியது, ஓய்வு வயதை 60 ஆக்கியது, வாரத்துக்கு 39 மணி நேர வேலையைக் கொண்டுவந்தது, வங்கிகளைத் தேசியமயமாக்கியது. மக்கள் கையில் பணம் சேர்ந்தது. ஆனால் அதில் பெரும்பங்கு இறக்குமதிப் பொருள்களுக்குப் போனது. அதே காலத்தில் ஜெர்மனியும் பிரிட்டனும் அமெரிக்காவும் செலவையோ பணப்புழக்கத்தையோ இறுக்கிப் பிடித்திருந்ததால், பிரெஞ்சுப் பொருளை வாங்க வெளியே ஆள் இல்லை. வர்த்தகப் பற்றாக்குறை பெருகியது. 1981 அக்டோபர், 1982 ஜூன், 1983 மார்ச் என்று மூன்று முறை பிராங்கின் மதிப்பைக் குறைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறையோடு திட்டமே கைவிடப்பட்டு, சிக்கன நடவடிக்கை தொடங்கியது. அன்றைய நிதியமைச்சர் ழாக் டெலோர்தான் பின்னாளில் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராகி யூரோவுக்கு அடித்தளம் போட்டவர்.

இதன் பின்னாலிருக்கும் கணக்கு எளிது. அரசு புதிதாக 100 ரூபாய் செலவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைமாறும் ஒவ்வொரு ரூபாயிலும் 40 காசு வரியாகவும் சேமிப்பாகவும் போகிறது, 30 காசு இறக்குமதிக்குப் போகிறது. மொத்தக் கசிவு 70 காசு. அப்படியானால் அந்த 100 ரூபாய் உள்நாட்டில் உருவாக்கும் வருமானம் 100-ஐ 0.7-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 143. இப்போது பக்கத்து நாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து செலவு செய்கின்றன. ஒருவர் இறக்குமதி இன்னொருவர் ஏற்றுமதி என்பதால், அந்த வட்டாரத்துக்கு வெளியே கசிவது 10 காசுதான். மொத்தக் கசிவு 50 காசு, உருவாகும் வருமானம் 200. தனியாகச் செய்தால் பலனில் ஒரு பகுதி பக்கத்து வீட்டுக்குப் போய், கடன் மட்டும் நம் வீட்டில் தங்கும். ஒரு சிறிய, திறந்த பொருளாதாரத்தில் முழு வேலைவாய்ப்புக் கொள்கையைத் தனி ஆளாக நடத்த முடியாது என்று 1983க்குப் பிறகு பல இடதுசாரிகள் முடிவுக்கு வந்தது இதனால்தான். அந்த முடிவு சரியானது. அதைச் செயல்படுத்திய விதத்தில்தான் கோளாறு.

1992 பிப்ரவரி 7 அன்று கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் பொது நாணயத்தையும் பொது மத்திய வங்கியையும் தந்தது. கஜானாவைத் தரவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு எண்களைத் தந்தது: ஆண்டுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள், மொத்தக் கடன் 60 சதவீதத்துக்குள். இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்துவது பொருளாதாரம் பண அளவில் ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும்போது மட்டுமே. 3-ஐ 0.05-ஆல் வகுத்தால் 60. வளர்ச்சியும் விலைவாசி உயர்வும் சேர்ந்து 2 சதவீதம்தான் என்றால், அதே 3 சதவீதப் பற்றாக்குறை கடனை நாளடைவில் 150 சதவீதத்தை நோக்கித் தள்ளும். கடனை 60இல் நிறுத்த வேண்டுமானால் பற்றாக்குறை 1.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரு குறிப்பிட்ட காலத்து வளர்ச்சி வேகத்தை வைத்துக் கட்டிய கணக்கு, வேகம் குறைந்த பிறகும் சட்டமாக நின்றுவிட்டது.

இப்படி ஆகும் என்று முன்கூட்டியே தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஆணையத்துக்காக 1977இல் மெக்டூகல் தலைமையிலான நிபுணர் குழு கொடுத்த அறிக்கை, மிகச் சிறிய கூட்டாட்சிக்கே மொத்த உற்பத்தியில் 5 முதல் 7 சதவீதம் வரை பொது வரவு செலவு தேவைப்படும் என்று கணக்கிட்டது. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வழக்கமான பட்ஜெட் சுமார் 1 சதவீதம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் செலவு 20 சதவீதத்துக்கு மேல். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் ஆலைகள் மூடப்பட்டால், அங்கிருந்து கூட்டாட்சிக்குப் போகும் வருமான வரி தானாகக் குறைகிறது, முதியோர் ஓய்வூதியமும் உணவு உதவியும் தொடர்ந்து வருகின்றன. எந்த முதல்வரும் வாஷிங்டனில் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. யூரோ மண்டலத்தில் அந்தத் தானியங்கிப் பாய்ச்சல் இல்லை.

சரி, 1990களில் இடதுசாரிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஆட்சியில் இருந்தார்கள். 1998 இறுதியில் அப்போதைய 15 உறுப்பு நாடுகளில் பெரும்பாலானவற்றில் சமூக ஜனநாயகக் கட்சிகள் அரசை நடத்தின, அல்லது கூட்டணியில் இருந்தன. பிரான்சில் லியோனல் ஜோஸ்பன் 1997 ஜூனில் பிரதமரான சில வாரங்களிலேயே, பற்றாக்குறை வரம்பை அமல்படுத்தும் நிலைத்தன்மை உடன்படிக்கையை வேலைவாய்ப்பு பற்றிய ஒரு தீர்மானத்தோடு ஏற்றுக்கொண்டார். ஜெர்மன் நிதியமைச்சர் ஆஸ்கர் லாஃபோன்தேன் வரிகளை ஐரோப்பா முழுக்க ஒத்திசைக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். 1999 மார்ச்சில் பதவி விலகினார். அந்தச் சில ஆண்டுகள் கைநழுவிப் போனது எனக்குப் பெரிய வருத்தம். பெரும்பான்மை கையில் இருந்தபோது பொது வரிக்கான அடித்தளத்தைப் போடவில்லை. ஜெர்மனியில் அடுத்து வந்தது சமூக ஜனநாயகப் பிரதமர் ஷ்ரோடரின் 2003ஆம் ஆண்டு வேலைச்சந்தைச் சீர்திருத்தத் திட்டம். அதன் விளைவாக ஊதியம் தேங்கியது, ஏற்றுமதி உபரி பெருகியது, தெற்கு நாடுகளில் அதற்கு இணையான பற்றாக்குறை வளர்ந்தது. ஓர் இடதுசாரி அரசு தன் தொழிலாளர்களின் ஊதியத்தை அடக்கி, பக்கத்து நாட்டு இடதுசாரி அரசின் வேலைவாய்ப்பைப் பறித்த கதை அது. ஊதிய ஒத்திசைவு இல்லாமல் கஜானாவை மட்டும் இணைத்தால் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விதிகள் சமமாக நடத்தப்படவும் இல்லை. 2003இல் ஜெர்மனியும் பிரான்சும் 3 சதவீத வரம்பை மீறியபோது, நிதியமைச்சர்கள் அவை அந்த ஆண்டு நவம்பரில் நடவடிக்கையை நிறுத்திவைத்தது. 2011இல் கொண்டுவரப்பட்ட சமநிலையின்மைக் கண்காணிப்பைப் பாருங்கள்: நடப்புக் கணக்கில் (வெளிநாடுகளோடான வர்த்தக, வருமானக் கணக்கில்) பற்றாக்குறை 4 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை, உபரி என்றால் 6 சதவீதம் வரை அனுமதி. ஜெர்மனியின் உபரி ஆண்டுக்கணக்காக அந்த 6-ஐயும் தாண்டி நின்றது, தண்டனை ஏதுமில்லை.

2012 மார்ச் 2 அன்று 25 நாடுகள் கையெழுத்திட்ட நிதி ஒப்பந்தம் இன்னும் ஆழமான ஒன்றைச் செய்தது. அது கட்டமைப்புப் பற்றாக்குறைக்கு 0.5 சதவீத வரம்பு வைத்தது. கட்டமைப்புப் பற்றாக்குறை என்பது மந்தநிலையின் விளைவைக் கழித்துவிட்டுப் பார்க்கும் பற்றாக்குறை. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மந்தநிலை எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்து அளக்க முடியாது. இயல்பான வேலையின்மை எவ்வளவு என்று ஒரு கணித மாதிரி ஊகிக்கிறது. அந்த மாதிரி கடந்த சில ஆண்டுகளின் எண்களிலிருந்தே தன் ஊகத்தை எடுக்கிறது. ஸ்பெயினில் 2013இல் வேலையின்மை 26 சதவீதத்தை ஒட்டி இருந்தது. நெருக்கடி நீண்டதால், அதில் பெரும்பகுதி இயல்பானது என்று மாதிரி முடிவு கட்டியது. இயல்பானது என்றால் மந்தநிலை சிறியது. மந்தநிலை சிறியது என்றால் பற்றாக்குறையில் பெரும்பகுதி கட்டமைப்பு சார்ந்தது. அப்படியானால் இன்னும் வெட்ட வேண்டும். வெட்டினால் வேலையின்மை கூடும், மாதிரியின் ஊகமும் பின்னாலேயே ஏறும். இந்தச் சுழற்சியைப் புரிந்துகொள்ளாத இடதுசாரி நிதியமைச்சர், பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் முன்பே தோற்றுவிடுகிறார். எந்த அரசியல் விவாதமும் இல்லாமல், ஒரு அட்டவணையின் ஓர் அடிக்குறிப்பில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

விதியை மீறினால் என்ன ஆகும்? அபராதம் என்று நினைப்பது தவறு. 2016இல் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் அபராதம் விதிக்கும் நடைமுறை நடந்தது. கடைசியில் தொகை பூஜ்யம் என்று முடிவானது. உண்மையான பிடி மத்திய வங்கியிடம் இருக்கிறது. கிரேக்கத்தில் 2015 ஜனவரி 25 அன்று இடதுசாரிக் கட்சியான சிரிசா தேர்தலில் வென்றது. பத்தே நாளில், பிப்ரவரி 4 அன்று, கிரேக்க அரசுப் பத்திரங்களை அடமானமாக ஏற்பதற்குக் கொடுத்திருந்த விலக்கை ஐரோப்பிய மத்திய வங்கி நீக்கியது. வங்கிகள் அவசரக் கடன் ஒன்றை மட்டுமே நம்பி ஓடின. கடன் நிபந்தனைகள் பற்றி மக்கள் வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்டதும் ஜூன் 28 அன்று அந்த அவசரக் கடனின் உச்சவரம்பும் உறைய வைக்கப்பட்டது. மறுநாள் முதல் வங்கிகள் மூடின. ஏடிஎம்மில் ஒரு அட்டைக்கு ஒரு நாளைக்கு 60 யூரோ. ஜூலை 5 வாக்கெடுப்பில் 61.3 சதவீதம் பேர் கடன்காரர்களின் நிபந்தனைகளை வேண்டாம் என்றார்கள். அடுத்த வாரமே பிரதமர் சிப்ரஸ் மூன்றாவது மீட்புக் கடனுக்கு ஒப்புக்கொண்டார். அது 8,600 கோடி யூரோ வரை. 2018இல் முடிவான ஏற்பாட்டின்படி, வட்டி நீங்கலான உபரியை 2022 வரை ஆண்டுதோறும் 3.5 சதவீதமும், அதன்பின் 2060 வரை சராசரியாக 2.2 சதவீதமும் வைக்க வேண்டும். நாற்பது ஆண்டுக்கு எந்தக் கட்சி வந்தாலும் மாற்ற முடியாத பட்ஜெட் இலக்கு ஒன்று அங்கே எழுதப்பட்டுவிட்டது.

இந்தப் பிடி இன்றும் இருக்கிறது. ஒரு நாட்டின் கடன் வட்டி காரணமின்றி எகிறினால் அதன் பத்திரங்களை வாங்கும் திட்டம் ஒன்றை மத்திய வங்கி 2022 ஜூலையில் அறிவித்தது. அதற்குத் தகுதி பெற முதல் நிபந்தனை, நிதி விதிகளுக்கு இணங்கி நடப்பது. ஆக, 3 சதவீதத்தை மீறும் நாடு அபராதத்தை நினைத்துப் பயப்படுவதில்லை; பாதுகாப்பு வளையத்தைவிட்டு வெளியே தள்ளப்படுவதை நினைத்துத்தான் பயப்படுகிறது.

விதிக்குள் இருந்துகொண்டே ஏதாவது செய்ய முடியுமா? முடியும், விலை கொடுத்து. போர்ச்சுகலில் 2015 நவம்பரில் சோசலிஸ்ட் கட்சியின் அந்தோனியோ கோஸ்டா, இடதுசாரி அணி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகியவற்றின் வெளி ஆதரவோடு ஆட்சி அமைத்தார். வெட்டப்பட்ட அரசு ஊழியர் சம்பளமும் ஓய்வூதியமும் திரும்பின. குறைந்தபட்ச ஊதியம் 2015இல் 505 யூரோவாக இருந்தது, 2019இல் 600 ஆனது. அதே 2019இல் பட்ஜெட்டும் உபரியில் முடிந்தது. இதைப் பலரும் அதிசயமாகச் சொல்கிறார்கள். கணக்கை உற்றுப் பார்த்தால் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்: வட்டி குறைந்தது, சுற்றுலா பெருகியது, பொது முதலீடு மிகக் கீழே இறங்கியது. மருத்துவமனையும் ரயிலும் புதுப்பிக்கப்படாமல் காத்திருந்தன. ஊதியத்துக்கும் முதலீட்டுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் விதி அது.

2024 ஏப்ரல் 30 முதல் விதிகள் மாறியிருக்கின்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் நான்கு ஆண்டுக்கான நிகரச் செலவுப் பாதை ஒன்று வகுக்கப்படும். சீர்திருத்தம், முதலீடு என்று காட்டினால் ஏழு ஆண்டு வரை நீட்டலாம். கடன் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1 புள்ளி குறைய வேண்டும். 60க்கும் 90க்கும் இடையே இருந்தால் அரைப் புள்ளி. இடதுசாரிகள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் நிகரச் செலவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில் இருக்கிறது. வட்டியும், மந்தநிலையால் கூடும் வேலையின்மைச் செலவும், ஒன்றியத் திட்டங்களுக்கு ஒன்றியமே தரும் பணமும் அதில் சேராது. புதிய வரி நடவடிக்கையால் கூடுதலாக வரும் வருமானமும் கழிக்கப்படும். அதாவது சொத்து வரியோ வாரிசு வரியோ புதிதாகப் போட்டு 1 சதவீதம் திரட்டினால், அதே 1 சதவீதத்தை விதி மீறாமல் செலவிடலாம். வரிக் குறைப்பு அறிவித்தால் செலவுக்கான இடம் அதே அளவு சுருங்கும். பழைய விதியைவிட இது நேர்மையானது. தேர்தல் அறிக்கை எழுதுபவர்கள் இந்த வழியை இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன்.

இனி வரி. ஐரோப்பாவில் யாருடைய நலன் முதலில் கவனிக்கப்பட்டது என்பதை இரண்டு தேதிகள் காட்டிவிடும். மதிப்புக்கூட்டு வரி ரொட்டியும் செருப்பும் வாங்குகிறவர்கள் கட்டுவது. அதன் பொது விகிதம் எந்த நாட்டிலும் 15 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற தரை 1993இல் வந்தது. பெருநிறுவன லாபத்துக்கும் 15 சதவீதம் என்ற தரை நடைமுறைக்கு வந்தது 2024இல், அதுவும் ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டும் குழுமங்களுக்கு மட்டும். முப்பத்தோரு ஆண்டு இடைவெளி. நடுவில் லாப வரிக்குப் பொது அடிப்படை வைக்க ஆணையம் 2011இலும் 2016இலும் முன்வைத்த திட்டங்கள் கிடப்பில் போயின. காரணம் ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தத்தின் 113, 115ஆம் பிரிவுகள்: வரி விஷயத்தில் எல்லா நாடுகளும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும். 12.5 சதவீத வரியை வைத்து நிறுவனங்களை ஈர்த்த அயர்லாந்து ஒன்றே போதும், தடுக்க. அயர்லாந்தில் ஆப்பிள் கட்டாமல் விட்ட 1,300 கோடி யூரோவை வசூலிக்க வேண்டும் என்று ஆணையம் 2016இல் சொன்னது. நீதிமன்றத்தில் அது உறுதியானது 2024 செப்டம்பரில். அந்த வழக்கும் வரிச் சட்டத்தின்கீழ் நடக்கவில்லை, போட்டிச் சட்டத்தின் அரசு உதவி விதியின்கீழ் நடந்தது. நேர் வழி அடைபட்டிருந்ததால் சுற்றுவழி.

கஜானாவின் கதை கொரோனா வந்த 2020இல் திரும்பியது. மார்ச் 25 அன்று பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் உட்பட ஒன்பது நாட்டுத் தலைவர்கள் பொதுக் கடன் பத்திரம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். மே மாதம் ஜெர்மனியின் மெர்கலும் பிரான்சின் மாக்ரோனும் 50,000 கோடி யூரோ மானியத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். நெதர்லாந்து, ஆஸ்திரியா, சுவீடன், டென்மார்க் எதிர்த்தன. அந்த நான்கில் சுவீடனிலும் டென்மார்க்கிலும் ஆட்சி சமூக ஜனநாயகவாதிகளிடம் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. கட்சிக் கொடியைவிடக் கடன் கொடுக்கும் நாடா, வாங்கும் நாடா என்பதே அங்கே கோடு போட்டது. ஜூலை 21 அதிகாலை முடிவானது: 2018 விலையில் 75,000 கோடி யூரோ, அதில் 39,000 கோடி மானியம், 36,000 கோடி கடன், 2058க்குள் அடைக்க வேண்டும். இதற்காக ஒன்றியம் உறுப்பு நாடுகளிடம் கேட்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு 0.6 புள்ளி தற்காலிகமாக உயர்த்தப்பட்டது. கடனுக்குப் பின்னால் நிற்கும் உத்தரவாதம் அதுதான்.

இது நல்ல செய்தியா? பெரும்பாலும் ஆம். ஸ்பெயினில் தற்காலிக வேலை ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தும் தொழிலாளர் சட்டம் இந்த நிதியைப் பெறுவதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது. 2022 பிப்ரவரியில் ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஆக, நிபந்தனை என்பது எப்போதும் வலதுசாரி ஆயுதமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் செலவிடும் இடத்தில் ஒரு பழுது உண்டு, அதை நெருங்கிப் பார்க்க வேண்டும். இத்தாலி சுமார் 2.64 லட்சம் புதிய குழந்தைக் காப்பக, மழலையர் இடங்களைக் கட்டத் திட்டமிட்டது. பின்னர் இலக்கு சுமார் 1.5 லட்சமாகக் குறைக்கப்பட்டது. நிதி கட்டடத்துக்குக் கிடைக்கும், ஆனால் அதில் வேலை செய்யும் ஆசிரியையின் மாதச் சம்பளத்தை நகராட்சிதான் ஆண்டுதோறும் தேட வேண்டும். தெற்கு இத்தாலியின் நகராட்சிகள் பலவற்றில் ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கப் போதிய பொறியாளர்கள் இல்லை. முந்தைய சிக்கன ஆண்டுகளில் பணியிடங்கள் நிரப்பப்படவில்லை. எனவே பொதுக் கஜானா வேண்டும் என்று கேட்கும்போது, மூலதன மானியத்தோடு குறைந்தது ஐந்தாறு ஆண்டு நடைமுறைச் செலவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லையென்றால் தேவை அதிகமுள்ள ஊரே பணத்தைத் திருப்பி அனுப்பும்.

இந்த நிதி ஒருமுறைக்கானது. நிரந்தரமான, தானாக இயங்கும் கருவி வேண்டுமானால் வேலையின்மை மறுகாப்பீடுதான் முதலில் செய்யக்கூடியது. அமைப்பை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஒவ்வொரு நாடும் ஆண்டுக்கு மொத்த உற்பத்தியில் 0.1 சதவீதம் கட்டும். 1,00,000 கோடி பொருளாதாரம் என்றால் 100 கோடி. ஒரு நாட்டின் வேலையின்மை அதன் சொந்தப் பத்தாண்டுச் சராசரியைவிட 2 புள்ளிக்கு மேல் போனால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் உற்பத்தியில் 0.5 சதவீதம் கிடைக்கும். சராசரி 8 இருந்த நாடு 12க்குப் போனால் 1,000 கோடி. எப்போதும் வேலையின்மை அதிகமுள்ள நாடு எப்போதும் வாங்கிக்கொண்டே இருக்கும் என்பதுதான் வடக்கு நாடுகளின் வழக்கமான ஆட்சேபம். அளவை விட்டுவிட்டு மாற்றத்தைத் தூண்டுகோலாக வைத்தால் அந்த ஆட்சேபம் விழுந்துவிடும். பதிவு அலுவலகக் கணக்கை நம்பக்கூடாது, அதை அரசுகள் வளைக்கலாம். எல்லா நாட்டிலும் ஒரே முறையில் எடுக்கப்படும் தொழிலாளர் கணக்கெடுப்பின் காலாண்டு எண்ணைத்தான் எடுக்க வேண்டும். ஆண்டு எண்ணுக்குக் காத்திருந்தால் பணம் வரும்போது மந்தநிலை முடிந்திருக்கும். பணம் பொது பட்ஜெட்டில் கரையாமல் உதவித்தொகையின் காலத்தை நீட்டிக்கவே போக வேண்டும். 2020 முதல் 2022 வரை குறுகிய நேர வேலைத் திட்டங்களுக்காக 19 நாடுகளுக்கு ஒன்றியம் கொடுத்த 9,840 கோடி யூரோ இதற்கு நெருங்கிய முன்மாதிரி. ஆனால் அது கடன், காப்பீடு இல்லை. வாங்கிய நாட்டின் கடன் சுமையில் அதுவும் ஏறியது.

ஐரோப்பாவுக்கு வெளியே பார்த்தால் இரண்டு அனுபவங்கள் பாடம் சொல்கின்றன. 1910 முதல் இருக்கும் தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தில் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, எஸ்வாட்டினி ஆகியவை சுங்க வருவாயை ஒரே தொட்டியில் போட்டுப் பங்கிடுகின்றன. 2002 ஒப்பந்தப்படி சுங்க வரி, ஒன்றியத்துக்குள் ஒவ்வொரு நாடும் செய்யும் இறக்குமதியின் விகிதத்தில் பிரியும். இது சிறிய நாடுகளுக்குச் சாதகம். கலால் வரியில் 85 சதவீதம் பொருளாதார அளவுப்படி, 15 சதவீதம் தலா வருமானம் குறைந்தவருக்குக் கூடுதலாக. மறுபங்கீடு நன்றாகவே நடக்கிறது. நிலைப்படுத்தல் நடப்பதில்லை. பங்கு முன்மதிப்பீட்டின்படி கொடுக்கப்பட்டு, உண்மைக் கணக்கு வந்த பிறகு சரிசெய்யப்படுகிறது. 2009 மந்தநிலையில் இறக்குமதி சரிந்தபோது, புதிய பங்கும் குறைந்தது, முன்பு அதிகமாக வாங்கியதும் கழிக்கப்பட்டது. 2011இல் அன்றைய சுவாசிலாந்து (இன்றைய எஸ்வாட்டினி) அரசு ஊழியர் சம்பளத்துக்கே திணறியது. அடி விழும் நேரத்தில் பணத்தைப் பிடுங்கும் சூத்திரம் அது.

தென் அமெரிக்காவில், பிரேசிலில் லூலாவும் அர்ஜென்டினாவில் கிர்ச்னரும் ஆட்சிக்கு வந்த காலத்தில் மெர்கோசூர் என்ற வணிகக் கூட்டமைப்பு ஒரு சமன்படுத்தும் நிதியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 10 கோடி டாலர்; பிரேசில் 70 சதவீதம், அர்ஜென்டினா 27, உருகுவே 2, பராகுவே 1 என்று கட்டும். வாங்குவதில் பராகுவேக்கு 48, உருகுவேக்கு 32, பெரியவர்கள் இருவருக்கும் தலா 10. தொகை சிறியது. ஆனால் அதைக் கொண்டு இத்தாய்ப்பு அணையிலிருந்து வில்லா ஹாயெஸ் வரை 500 கிலோவோல்ட் மின்பாதை போடப்பட்டது. அணையில் பாதிப் பங்கு வைத்திருந்தும் தலைநகருக்கு மின்சாரம் கொண்டுவர முடியாமல் தவித்த பராகுவேக்கு அது பெரிய மாற்றம். அதே காலத்தில் பெரும் முழக்கத்தோடு 2007இல் அறிவிக்கப்பட்ட தெற்கு வங்கி செயல்பாட்டுக்கே வரவில்லை. யார் எவ்வளவு கட்டுவது, யார் எவ்வளவு வாங்குவது என்று எட்டு எண்களை முதல் நாளே எழுதிவைத்த சிறிய நிதி ஓடியது.

இப்போது இரண்டு அணிக்கு வருவோம். வெளியேறுவோம் என்பவர்களின் அடிப்படை வாதம் மக்களாட்சி பற்றியது. அதில் நியாயம் இருக்கிறது: 2020 நிதி முக்கியமாக ஒப்பந்தத்தின் 122ஆம் பிரிவை வைத்துக் கட்டப்பட்டது, நெருக்கடிக்கால உதவிக்கான அந்தப் பிரிவில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வாக்கு இல்லை. செலவுத் திட்டங்களை அரசுகளும் ஆணையமும் பேசி முடித்தன, பல நாடுகளில் உள்ளூர் மன்றங்களுக்கு ஏறிட்டுப் பார்க்கக்கூட நேரம் தரப்படவில்லை. ஆனால் வெளியேறினால் சிறிய நாட்டுக்கு 1983இன் கசிவுக் கணக்கு அப்படியே திரும்பி வரும், கூடவே யூரோவில் வாங்கிய கடன் மதிப்பிறங்கிய சொந்த நாணயத்தில் பெருகி நிற்கும். எனவே உள்ளே இருந்து போராடும் அணியோடுதான் எனக்கு உடன்பாடு. ஒரு நிபந்தனை: புதிய விதி எதற்கும், அதே ஒப்பந்தத்தில் கஜானாவோ வரியோ இணையாக வராமல், இனி ஒப்புதல் தரக்கூடாது. 1997இல் ஜோஸ்பன் வாங்கியது போன்ற ஒரு தீர்மானம் போதாது. தீர்மானத்துக்குப் பட்ஜெட் இல்லை.

அடுத்த மோதல் நெருங்கிவிட்டது. 2020 கடனின் அசல் 2028 முதல் அடைபட வேண்டும். 2028 முதல் 2034 வரைக்கான பட்ஜெட்டை ஆணையம் 2025 ஜூலையில் முன்வைத்தது: மொத்தத் தேசிய வருமானத்தில் 1.26 சதவீதம், அதில் 0.11 பழைய கடனை அடைக்க. புதிய வருவாய்களில் ஒன்றாக, ஆண்டு விற்றுமுதல் 10 கோடி யூரோவைத் தாண்டும் நிறுவனங்களுக்கு ஒரு கட்டணம் சொல்லப்பட்டது. அது லாபத்தின் மீது இல்லை, விற்றுமுதலின் படிநிலைப்படி நிலையான தொகை. மேல்படிக்கு 7,50,000 யூரோ. ஆயிரம் கோடி யூரோ லாபம் பார்க்கும் தொழில்நுட்ப நிறுவனமும், அதே படியில் நஷ்டத்தில் ஓடும் உருக்காலையும் ஒரே தொகை கட்ட வேண்டும். இதை மொத்தமாக எதிர்த்துவிட்டால், கடனை அடைக்கும் பணம் விவசாய மானியத்திலிருந்தும் வட்டார நிதியிலிருந்தும் வெட்டப்படும், அல்லது நாடுகளின் சந்தாவாகத் திரும்பி நலத்திட்டத்தில் கை வைக்கும். ஒன்றியத்துக்கு நேரடி நிறுவன வரி என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டு, அடிப்படையை விற்றுமுதலிலிருந்து லாபத்துக்கு மாற்றச் சொல்லித் திருத்தம் கொடுப்பதுதான் இடதுசாரிக் கட்சிகள் செய்ய வேண்டியது. ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவுக்கு மேற்பட்ட குழுமங்கள் நாடுவாரியான லாபக் கணக்கை ஏற்கெனவே வரித்துறைகளிடம் தாக்கல் செய்கின்றன. கணக்கிட வேண்டிய படிவம் கையில் இருக்கிறது.